ஒரு ரைடரின் இடது முட்டி

அவள் நடந்து வரவில்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏசிஎல் போச்சு மேடம்."

"கால் திருகிக்கிச்சு மேடம், நாங்க பாத்தோம்."

"டொப்புனு சத்தம் வேற கேட்டுச்சு."

"உனக்கு எங்கடி கேட்டுச்சு? நீ அப்போ தண்ணி குடிக்கப் போய்ட்ட."

"கேட்டுச்சுடி!"

மேடம் என்பது நான்தான். பிசியோதெரபி முடித்து இன்டர்ன்ஷிப். நந்தனத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தை ஒட்டிய சின்ன அறையில் எனக்கும் என் கிளாஸ்மேட் ஒருத்திக்கும் போஸ்டிங். ஆளைப் படுக்க வைத்துப் பார்க்க இரண்டு கவுச், ஒரு ஐஸ் பெட்டி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேன். வீட்டில் என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுவார்கள், காலேஜில் கூப்பிட்டதை எழுத முடியாது. அதனால் யாராவது மேடம் என்றால் எனக்கு ஒரு இன்ச் உயரம் கூடிவிடும். அன்றைக்கும் கூடியது.

தூக்கி வரப்பட்டவள் கபடி ரைடர். எதிரணியின் பக்கம் பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறவள். பாலவாக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது பெரியவள், தொடை ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. இடது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"டாக்டரே, ஒண்ணே ஒண்ணு சொல்லு. பொங்கலுக்கு அப்பால ட்ரையல் கீது. நான் ஆடலாமா, முடியாதா?"

"நான் டாக்டர் இல்ல. பிசியோ."

"இன்னாவோ ஒண்ணு. வெள்ளக் கோட்டு போட்டுக்கினு தானே கீற? சொல்லு."

அந்த ட்ரையல் சாதாரண ட்ரையல் இல்லை. விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அதற்கு வயது வரம்பு உண்டு, அடுத்த வருடம் அவள் அதைத் தாண்டிவிடுவாள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை இதுவரை யாரும் வாங்கியதில்லை. அதாவது இந்த முறை ஆடினால் உண்டு, ஆடாவிட்டால் அவ்வளவுதான். அப்போது ஆடி மாசம் முடிந்திருந்த சமயம். பொங்கலுக்குச் சில மாதங்கள் இருந்தன. அந்த ஏசிஎல், அதாவது முட்டி எலும்புகளைக் கட்டிவைக்கும் நார்களில் முன்னால் உள்ள லிகமென்ட், அறுந்திருந்தால் ஆபரேஷன் செய்து, தேறி, மறுபடி ஆடுகளத்தில் இறங்குவதற்குள் இந்தப் பொங்கல் எப்போதோ தாண்டிப்போயிருக்கும்.

அன்றைக்கு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. தொடையில் கையை வைத்ததும் பின்பக்கத் தசை கருங்கல் மாதிரி இறுகியது. வலிக்கிற முட்டியை உடம்பு தானாகவே பூட்டிவிடும். லிகமென்ட் அறுந்திருந்தாலும் அந்த நேரத்தில் கீழ்க்காலை இழுத்தால் அது முன்னால் வராது, வராததை வைத்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் அதைவிட மடத்தனம் கிடையாது. ஐஸ் வைத்துக் கட்டுப்போட்டு, "வீக்கம் வடியட்டும், அப்புறம் வா" என்று அனுப்பினோம். அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்குத் தேதி மாசக் கடைசியில்தான் கிடைத்தது.

இடையில் கொஞ்சம் முட்டி பாடம். பயப்பட வேண்டாம், சின்னதுதான். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, முட்டிக்குள், இரண்டு லிகமென்ட்கள் எக்ஸ் எழுத்து மாதிரி குறுக்காக ஓடுகின்றன. முன்னால் உள்ளது கீழ்க்கால் எலும்பை முன்பக்கம் நழுவ விடாது. பின்னால் உள்ளது பின்பக்கம் சரிய விடாது. முன்னால் உள்ளதற்குத்தான் பேரும் புகழும். ஏசிஎல் என்றால் மைதானத்தில் சோடா விற்கிறவருக்கும் தெரியும். பின்னால் உள்ளதை எவரும் சீண்டுவதில்லை.

அறுந்திருக்கிறதா என்று கையால் பார்க்க ஒரு வழி உண்டு. முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, இன்னொரு கையால் கீழ்க்காலை முன்னால் இழுக்க வேண்டும். புத்தகத்தில் படிக்கும்போது இது அரைப்பக்கம். செய்து பார்க்கும்போது வாழ்க்கை வெறுத்துவிடும். என் கை சின்னக் கை. வளையல் கடையில் குழந்தைகள் பக்கம் போகச் சொல்லுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் தொடையை எங்கே சுற்றிப் பிடிப்பது?

முதலில் மாட்டியது என் கிளாஸ்மேட். மயிலாப்பூர்க்காரி. கவுச்சில் படுத்துக்கொண்டு என்னைத் திட்டியபடியே காலை நீட்டுவாள்.

"மெதுவாடி ராட்சசி. எங்காத்துக்கு மூணு மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது. இந்தக் காலோடதான் ஏறியாகணும்."

"கொஞ்சம் லூஸா விடு."

"நீ இழுக்கற இழுப்புக்கு எவ லூஸா விடுவா? வேணும்னா மயக்க மருந்து குடு."

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். என் முட்டியை மடக்கிக் கவுச்சின் மேல் வைத்து, அவள் தொடையை அதன் மேல் சாய்க்கச் சொன்னாள். அப்போது தொடையின் பாரத்தை என் கால் தாங்கும், இரண்டு கைகளும் ஃப்ரீ. சின்னக் கைக்காரர்களுக்கு இப்படி ஒரு முறை உண்டு என்று புத்தகத்திலேயே அடிக்குறிப்பாக இருந்தது. நான் அடிக்குறிப்பெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு என்னைத் தடுக்க ஆளில்லை. ஹாஸ்டல் பெண்கள், கேன்டீன் அக்கா, பஸ்ஸில் பழக்கமான ஒருத்தி, எல்லோருடைய முட்டியும் எனக்கு வேண்டியிருந்தது. தி. நகரில் அப்பாவுக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது, நைட்டி, பாவாடை, ஜாக்கெட் பிட். அங்கே நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் அக்காக்களை மதியச் சாப்பாடு முடிந்ததும் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து முட்டியை இழுத்துப் பார்ப்பேன். "வலியெல்லாம் போகுமா பாப்பா?" என்பார்கள். "போகாதுக்கா, சும்மா பழகுறேன்" என்பேன். சிரித்துக்கொண்டே இன்னொரு காலையும் நீட்டுவார்கள். அப்பாவையும் விடவில்லை.

"ஏட்டி, ஏவாரம் நடக்குற நேரத்துல காலப் புடிச்சு இழுக்கியே, கிறுக்கு புடிச்சிட்டா?"

"ரெண்டு நிமிஷம்ப்பா. அசையாதீங்க."

"கஸ்டமர் பாக்காவோ. மொதலாளிய அடிச்சுப் போட்டுட்டாவோன்னு நெனப்பாவோ."

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? நல்ல முட்டி எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிய வேண்டும். நல்ல முட்டியை இழுத்தால் கொஞ்சம் முன்னால் வரும். பிறகு டக்கென்று நிற்கும். சங்கிலி போட்ட கதவைத் தள்ளினால் கொஞ்சம் திறந்து, சங்கிலி இறுகியதும் நிற்குமே, அப்படி. முன் லிகமென்ட் அறுந்த முட்டியில் அந்த டக் இருக்காது. ஒரு ஃபுட்பால் பையனின் முட்டியில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கொழகொழவென்று போனது.

வீக்கம் வடிந்ததும் அவள் மறுபடி வந்தாள். இந்த முறை நொண்டிக்கொண்டு, தன் காலில். கூடவே அவளுடைய கோச். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"மேடம், வெள்ளிக்கிழமை ட்ரையலுக்குப் பேர் குடுக்கணும். அடையார்ல ஒரு கிளினிக்ல காட்டிட்டோம், இழுத்துப் பாத்துட்டு ஏசிஎல்னு சொல்லிட்டாங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா இவ எடத்துல வேற பொண்ணைப் போட்டுருவேன்."

"சார், ஸ்கேன் வரட்டுமே?"

"அது மாசக் கடைசி. பேரு வெள்ளிக்கிழமை."

அவள் கவுச்சில் ஏறிப் படுத்து, சுடிதார் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, உச்சியில் இருந்த ஃபேனைப் பார்த்தாள்.

எங்கள் காலேஜில் ஒரு பழக்கம். அடிபட்ட காலைத் தொடுவதற்கு முன்னால் நல்ல காலைத் தொட வேண்டும். ஆளுக்கு ஆள் முட்டி வேறு, ஆனால் ஒரே ஆளின் இரண்டு முட்டிகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வலது முட்டியை இழுத்தேன். கொஞ்சம் வந்து டக்கென்று நின்றது. சூப்பர் முட்டி. பிறகு இடது.

வந்தது. நிறையவே வந்தது. வலதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். என் கிளாஸ்மேட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகம் விழுந்துவிட்டது. "வந்துடுத்துடி" என்றாள் சத்தமில்லாமல். கோச் அதைக் கேட்டுவிட்டார். "அவ்ளோதானா?" என்று செல்போனை எடுத்தார்.

நானும் வாயைத் திறந்துவிட்டேன், 'ஆமா சார்' என்று சொல்ல. ஆனால் கை ஒத்துக்கொள்ளவில்லை. அது வந்தது சரி. ஆனால் நின்றதே! கடைசியில் டக்கென்று நின்றது. அப்பா முட்டி மாதிரி, கடை அக்காக்கள் முட்டி மாதிரி, கொஞ்சமும் கொழகொழப்பு இல்லாமல் நின்றது. சங்கிலி அறுந்த கதவு எப்படி நிற்கும்?

மறுபடி இழுத்தேன். நின்றது. மறுபடி.

"இன்னா டாக்டரே, மாவாட்டற மாதிரி ஆட்டிக்கினே கீற? இருக்குதா இல்லையா, சொல்லித் தொலை."

"வலிக்குதா?"

"நீ பேசாம இருக்கறது தான் வலிக்குது."

எங்கேயோ உதைக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எப்படி விழுந்தாய் என்று இதுவரை அவளிடம் யாருமே கேட்கவில்லை. மைதானத்தில் அடிபட்டவளைத் தவிர எல்லோரும் கதை சொல்லுவார்கள். திருகிச்சு, டொப்புனு கேட்டுச்சு, அவ்வளவுதான், அந்தக் கதையே நிலைத்துவிடும்.

"எப்டி விழுந்த?" என்று கேட்டேன்.

கோச் ஆரம்பித்தார். "மேடம், டர்ன் அடிக்கும்போது கால் திருகி..."

"சார், ஒரே நிமிஷம். அவ சொல்லட்டும்."

அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "நான் தொட்டுட்டு நடுக்கோட்டாண்ட வந்துக்கினு இருந்தேன். பின்னாலேந்து ஒருத்தி கணுக்காலைப் புடிச்சுட்டா. முட்டி மடங்கி அப்டியே நங்குனு தரையில குத்திக்கினேன். மேல ரெண்டு பேரு உழுந்தாளுங்க."

"திருகலையா?"

"திருகறதுக்கு எங்க டைம்?"

"சத்தம்?"

"என் வாயிலேந்து தான் வந்துச்சு."

மடங்கிய முட்டி. நேராகத் தரையில். மேலே இரண்டு பேர். அப்படி விழுந்தால் கீழ்க்கால் எலும்பு எந்தப் பக்கம் தள்ளப்படும்? பின்னால். என் கிளாஸ்மேட் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருமே முன்னால் இழுப்பதிலேயே குறியாக இருந்துவிட்டோம்.

அவளை மறுபடி படுக்க வைத்து, இரண்டு முட்டிகளையும் மடக்கி, இரண்டு பாதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் கவுச்சில் ஊன்ற வைத்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கண் அவள் முட்டிக்கு நேராக வரும்வரை குனிந்தேன்.

"இன்னா மேடம், ஏதாவது உழுந்துச்சா?" என்றார் கோச்.

வலது முட்டியில் சில்லுக்குக் கீழே எலும்பு மேடாகத் தெரிந்தது. இடது முட்டியில் அந்த மேடு இல்லை. அந்த இடத்தில் ஒரு பள்ளம். கீழ்க்கால் எலும்பு தன் பாரத்திலேயே பின்னால் சரிந்து கிடந்தது. மேலேயிருந்து பார்த்தபோது தெரியாத அது, பக்கவாட்டில் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது.

"அடிப்பாவி" என்றாள் என் கிளாஸ்மேட். அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். எலும்பு ஏற்கெனவே பின்னால் சரிந்திருந்தது. நாங்கள் இழுத்தபோது அது முன்னால் போகவில்லை, இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பியது. குழிக்குள் நிற்கிறவனைத் தூக்கித் தரையில் விட்டுவிட்டு, 'எவ்வளவு உயரம் குதிக்கிறான் பார்' என்று வாயைப் பிளப்பது போல. முன் லிகமென்ட் அங்கேயே இருந்தது, அதனால்தான் டக்கென்று நின்றது. போயிருந்தது பின்னால் இருப்பது, எவரும் சீண்டாதது.

ஆனாலும் ஒரு தடவை உறுதி செய்ய வேண்டும். "பாதம் நகரக் கூடாது. ஆனா பாதத்தை முன்னாடி தள்ளப் போற மாதிரி தொடையை இறுக்கு" என்றேன். அவள் பாதத்தை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அவள் இறுக்கினாள். அந்தப் பெரிய தொடை திரண்டது. பள்ளத்துக்குள் கிடந்த எலும்பு, யாரும் தொடாமல், தானாக எழுந்து முன்னால் வந்தது. விட்டாள், சரிந்தது. இறுக்கினாள், எழுந்தது.

கோச்சும் குனிந்துவிட்டார். "யோவ், எந்திரிக்குதுய்யா!"

"எனக்குக் காட்டுங்கடி, என் கால் தானே அது" என்று அவள் கத்தினாள். என் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினோம். அவள் அதை வாய் திறந்து பார்த்தாள்.

எங்கள் இன்சார்ஜ், சீனியர் பிசியோ, பக்கத்து மைதானத்தில் இருந்தார், ஓடிப்போய் அழைத்து வந்தோம். அவர் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தார், பக்கவாட்டு லிகமென்ட்களையும் பார்த்தார். "ஏசிஎல் நல்லா இருக்கு. பின்னாடி இருக்கறது பாதி போயிருக்கு. டாக்டர்கிட்ட நான் பேசறேன். இது மட்டும்தான்னா பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியிருக்காது" என்றார். கோச் பக்கம் திரும்பி, "பேரை எடுக்காதீங்க சார்" என்றார்.

கோச் தலையைச் சொறிந்தார். "எடுக்காம வெச்சு, ஜனவரில இவ ஆடலைன்னா? ஒரு எடம் வீணாப்பூடும் மேடம். அந்த எடத்துக்குக் காத்திருக்கற பொண்ணும் இதே மாதிரி வீட்லேந்து தான் வருது."

அது நியாயமான கேள்வி. கவுச்சிலிருந்து அவள்தான் சொன்னாள்: "டிசம்பர்ல எனக்கு நீயே ட்ரையல் வெய்யி சார், அவ பேர மாத்தாளா எழுதிக்க. நொண்டினா நானே அவளைக் கூட்டாந்து நிறுத்தறேன்."

வெள்ளிக்கிழமை அவர் அவள் பெயரைத்தான் கொடுத்தார். மாசக் கடைசியில் வந்த ஸ்கேனும் இன்சார்ஜ் சொன்னதையே சொன்னது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் போரடிக்கிற வேலை. கீழ்க்காலைப் பின்னால் சரிய விடாமல் தாங்கும் ஒரு பிரேஸ். தொடையை இறுக்கு, விடு, இறுக்கு, விடு. சுவரில் முதுகைச் சாய்த்து அந்தரத்தில் உட்கார்ந்திருப்பது. பாலவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி தினமும் வருவாள், வந்ததும் என்னைத் திட்ட ஆரம்பிப்பாள். என் உடம்பைப் பற்றி, என் கையைப் பற்றி, நான் கொண்டுபோகும் டிபன் பாக்ஸைப் பற்றி. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் செய்துவிடுவாள். டிசம்பரில் கோச் சொன்னபடி ட்ரையல் வைத்தார். அவள் நொண்டவில்லை.

பொங்கல் முடிந்து, பெரிய ட்ரையலுக்கு முந்தின நாள், கடைசியாக ஒரு முறை அவள் முட்டியைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, கண்ணை நேராக வைத்து. பள்ளம் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது.

"இன்னும் கீதா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் இருக்கு. அது முழுசா போகாதுன்னு நெனக்கறேன்."

"அப்ப?"

"லிகமென்ட் புடிக்க வேண்டியதை உன் தொடை புடிச்சுக்குது. இப்ப ஒவ்வொரு காலா ஒத்தக் கால்ல குதிச்சுக் காட்டுனியே, ரெண்டு காலும் ஒரே தூரம் போச்சு. ஆடலாம்."

"நீ சொல்றியா, புக்கு சொல்லுதா?"

"நான் சொல்றேன்."

அவள் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு, "சரி" என்று இறங்கிப் போய்விட்டாள். அந்த 'சரி'யை வாங்கிக்கொண்டு அன்றைக்கு நான் வீட்டுக்குப் போக முடியாமல் தி. நகர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி தன் வேலையை, வீட்டை, எல்லாவற்றையும் என் கை சொன்னதன் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் நானும் என் கிளாஸ்மேட்டும் லீவு போட்டுவிட்டுப் போய் ஆடுகளத்தின் ஓரமாக நின்றோம். முதல் ரைடிலேயே அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். அதே இடது கால். முட்டி மடங்கி விழுந்தாள், மேலே ஒருத்தி. என் கிளாஸ்மேட் என் கையை நகம் பதியப் பிடித்தாள். ரைடர் அவர்களையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து கோட்டைத் தொட்டாள். எழுந்தாள். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கமும் திரும்பவில்லை. எதிரணியின் ரைடைத் தடுக்கக் குனிந்து நின்றுவிட்டாள்.

தேர்வானவர்களின் பெயரைச் சாயங்காலம் படிப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்த நேரத்தில் எனக்கு நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்துக்கொண்டேன். இது கொஞ்சம் சென்டிமென்ட்தான், பரவாயில்லை. மூணு மாடி ஏற வேண்டிய காலை என்னிடம் விட்டுவைத்த மயிலாப்பூர்க்காரி. துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்து, எதுவும் குணமாகாது என்று தெரிந்தும் இரண்டு காலையும் நீட்டிய அக்காக்கள். கஸ்டமர் முன்னால் மானம் போனாலும் அசையாமல் இருந்த அப்பா. ஒன்றுமே ஆகாத முட்டிகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. அவற்றை இழுத்து இழுத்துத்தான், டக்கென்று நிற்பது எப்படி இருக்கும் என்று என் சின்னக் கைக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக இந்த ரைடர். முடிவு தெரியாத நிமிடத்தில், வலிக்கிற முட்டியை மறுபடி மறுபடி இழுக்க விட்டாளே.

பெயரைப் படித்தார்கள். மூன்றாவதாக அவள் பெயர்.

அவள் ஓ-வென்று கத்தினாள். ஓடினாள், கோச்சின் மேல் மோதினாள், ஆடுகளத்தின் நடுவே போய் ஆகாயத்துக்கு எம்பிக் குதித்தாள். இடது காலை மட்டும் ஊன்றி இறங்கினாள். நானும் என் கிளாஸ்மேட்டும் ஒரே மூச்சில் கத்தினோம்:

"ஏய், ரெண்டு கால்லயும் இறங்குடி!"

அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் குதித்தாள்.